எத்தனை பேரில்? ஓர் இளம் நிருபருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பெருங்குடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்குழுக் கூட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய ‘கை தூக்காதவர்கள்’ கட்டுரையை, அதே பெருங்குடியில் ஓய்வுபெற்று இருக்கும் ஒரு பழைய சட்டமன்ற நிருபர் படித்தார். பாதியில் எரிச்சல் வந்து கீழே வைத்தார். பிறகு மனசு கேட்காமல் எடுத்து முடித்தார். முடித்த கையோடு இதை எழுதுகிறார்.

செய்தியை எங்கே தொடங்குவது, யாரிடம் பேசுவது, யார் சொன்னதை எவ்வளவு நம்புவது என்பதெல்லாம் உங்களுக்குக் கைவந்திருக்கிறது. குடியிருப்பின் பெயரைப் போடாமல் விட்டதும் சரிதான். அதையெல்லாம் பேச இந்தக் கடிதம் இல்லை. பேச்சு உங்கள் நான்காவது பத்தியைப் பற்றி.

“ஆதரவு 41, எதிர்ப்பு 23. தண்ணீர் லாரி ஒப்பந்தத்தை மாற்றும் தீர்மானம் நிறைவேறியது” என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டீர்கள். எத்தனை பேரில் 41?

முதல் பத்தியில் கீழ்த்தள பார்க்கிங்கில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளை வர்ணிக்கும்போது 90 பேர் வந்திருந்தார்கள் என்கிறீர்கள். வேறோர் இடத்தில் மொத்த வீடுகள் 144 என்று வருகிறது. ஆக, உட்கார்ந்திருந்தும் கை தூக்காதவர்கள் 26 பேர். கட்டுரையின் தலைப்பே அவர்கள்தான். ஆனால் அந்த 26 பேரை எங்கே வைத்து எண்ணினார்கள் என்பது கட்டுரையில் எங்குமே இல்லை. சங்கத்தின் பைலா என்ன சொல்கிறது? வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும் என்றால் 64 பேரில் 33 கை வேண்டும், 41 தாராளம். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 43 வேண்டும், இரண்டு கை குறைகிறது. கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பான்மை என்றால் 46 வேண்டும், தீர்மானம் தோற்றது. மொத்த வீடுகளில் பெரும்பான்மை என்றால் 73. அதே 41 கைகள்தான், தம்பி. ஒரு விதியில் அந்த 26 பேர் கூட்டத்துக்கே வராதவர்களுக்குச் சமம். இன்னொரு விதியில் கையை மடியில் வைத்துக்கொண்டே ‘வேண்டாம்’ என்று வாக்களித்தவர்கள்.

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022இல் வந்தது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் வேண்டும் என்கிறது அது. வந்தவர்களில் அல்ல, மொத்த உரிமையாளர்களில். 144 வீட்டுக்கு 96. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அமெரிக்காவில் இருப்பவரும், மாடியிலிருந்து இறங்கி வராதவரும், வந்து உட்கார்ந்து வாய் திறக்காதவரும் அங்கே ஒரே கணக்குதான், மூவருமே சம்மதிக்காதவர்கள். ஓ.எம்.ஆர். ஓரமாக எழுந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாக முப்பது வயதைத் தொடப்போகின்றன. இந்தக் கணக்கை எழுதத் தெரிந்த நிருபர் இந்த வட்டாரத்துக்குக் கட்டாயம் வேண்டும்.

பெரிய சபைகளிலும் கதை இதேதான். ஜெனீவாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை மீதான தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோதெல்லாம் சென்னையின் செய்தி அறைகள் எண்களுக்காகக் காத்துக் கிடந்தன. 2012இல் ஆதரவு 24, எதிர்ப்பு 15, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 8. இந்தியா ஆதரித்தது. லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் தமிழகம் முழுக்கப் பரவி, திமுக மத்திய ஆட்சியிலிருந்து விலகியிருந்த நேரம் 2013 மார்ச். அந்த மாதம் 21ஆம் தேதி 25–13–8. அப்போதும் இந்தியா ஆதரவுதான். 2014 மார்ச் 27ஆம் தேதி 23–12–12. இந்த முறை அந்தக் கடைசி 12இல் இந்தியாவும் இருந்தது.

பேரவையில் உறுப்பு நாடுகள் 47. அதில் 23 என்பது பாதிகூட இல்லை. ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. சட்டமன்றத் தேர்தல் பிரசாரம் சூடாக இருந்த 2021 மார்ச் 23இல் 22–11–14. இந்தியா மறுபடி ஒதுங்கியது, தீர்மானம் நிறைவேறியது. 2022 அக்டோபர் 6இல் 20–7–20. ஆதரித்த நாடுகள் எத்தனையோ, ஒதுங்கிய நாடுகளும் அத்தனை. இந்தியா அங்கும் ஒதுங்கியவர்களோடு. அதுவும் நிறைவேறியது. ஐ.நா. விதியில் ‘வந்திருந்து வாக்களிப்போர்’ என்றால் ஆம் என்றோ இல்லை என்றோ சொன்னவர்கள் மட்டும்தான். ஒதுங்கியவர் வாக்களிக்காதவராகவே கருதப்படுவார். மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும் என்று விதி இருந்திருந்தால் 24 நாடுகள் தேவைப்பட்டிருக்கும். 2014, 2021, 2022 ஆகிய மூன்று தீர்மானங்களும் விழுந்திருக்கும். இந்தியா ஒதுங்கியது அங்கே கொழும்புக்குப் போட்ட வாக்காகவே முடிந்திருக்கும்.

அந்த நாட்களில் ‘இந்தியா வெளிநடப்பு’ என்று தலைப்புப் போட்டவர்களை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது. இந்தியப் பிரதிநிதி எழுந்து எங்கேயும் போகவில்லை. ஒதுங்குவதாகப் பதிவுசெய்துவிட்டு ஏன் என்று விளக்கமும் கொடுத்தார். 2014இல், வெளியிலிருந்து வரும் விசாரணை இலங்கையின் இறையாண்மையைக் குலைக்கும் என்பது விளக்கம். 2021இல், தமிழர்களுக்குச் சமத்துவமும் நீதியும் கண்ணியமும் அமைதியும் வேண்டும், இலங்கையின் ஒற்றுமையும் நிலப்பரப்பும் குலையாமல் இருக்க வேண்டும், இரண்டையும் இந்தியா சேர்த்தே பார்க்கிறது என்பது விளக்கம். இந்த விளக்கங்கள் போதவில்லை என்பது இதை எழுதுபவரின் கருத்து. 2021இல் இந்தியா ஆதரித்திருக்க வேண்டும் என்றே அவர் இன்றும் நினைக்கிறார். ஆனால் அப்படிச் சண்டை போடுவதற்கே, நடந்தது என்ன என்பதை வாசகனுக்கு முதலில் சரியாகச் சொல்லியாக வேண்டும். வெளியே போனவனுக்கும் உள்ளே உட்கார்ந்து ஒதுங்கியவனுக்கும் வித்தியாசம் தெரியாத செய்தியை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை போடுவது?

இனி 2019. ஒரே வருடம், ஒரே அவை, ஒரே கட்சி. ஒதுங்குவது எதிர்ப்பதற்குச் சமமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஜூலை 30ஆம் தேதி முத்தலாக் தடை மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. அதிமுக எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தது. ஐக்கிய ஜனதா தளமும் அப்படியே. மசோதா 99–84 என்று நிறைவேறியது. வித்தியாசம் 15. அன்றைக்கு அவையில் அதிமுகவுக்கு இருந்த இடங்கள் 11, ஐக்கிய ஜனதா தளத்துக்கு 6. மறுநாள் ‘அதிமுக எதிர்ப்பு’ என்று படித்தவர்களுக்கு, அந்த எதிர்ப்பு எண்ணிக்கையில் ஒரு புள்ளியாகக்கூடச் சேரவில்லை என்பது தெரிந்திருக்காது.

டிசம்பர் 11ஆம் தேதி குடியுரிமைத் திருத்த மசோதா 125–105 என்று நிறைவேறியது. அதிமுகவின் 11 பேர் ஆதரவுப் பக்கம். தமிழ்நாட்டில் இதைப் பற்றி நடந்த வாதம் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த வாதத்தில் பலர் விட்டுவிட்ட கணக்கு இது: அந்த 11 பேரும் ஒதுங்கியிருந்தால் 114–105, மசோதா அப்போதும் நிறைவேறியிருக்கும். எதிர்த்து வாக்களித்திருந்தால் 114–116, விழுந்திருக்கும். அந்த அவையில், அந்த விதியில், அன்றைக்கு ஒதுங்கியிருப்பது ஆதரவுக்கே உதவியிருக்கும்.

விதி மாறினால் ஒதுங்குவதன் எடையும் மாறும். 1970 செப்டம்பர் 5இல் மன்னர் மானிய ஒழிப்பு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. அரசியல் சட்டத் திருத்தம் என்பதால் வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224. மூன்றில் இரண்டு பங்கு என்றால் 149-ஐ விடக் கொஞ்சம் கூட, சரியாகச் சொன்னால் 149⅓. ஒரு வாக்கில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து மசோதா தோற்றது. எதிர்த்த 75 பேரில் ஒரே ஒருவர் எதிர்க்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால் மொத்தம் 223 ஆகியிருக்கும், 149 போதுமானதாகியிருக்கும். சும்மா இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதை அந்தந்த இடத்தின் விதிதான் சொல்லும்.

கோட்டையில், பத்திரிகையாளர் மாடத்தில் ஒரு மூத்தவர் இருந்தார். புதிதாக வரும் பையன்களின் நோட்டை வாங்கி, பக்கத்தைக் குறுக்கே நான்காகக் கோடு போட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஆதரவு, எதிர்ப்பு, ஒதுங்கியவர், வராதவர். நான்கையும் கூட்டினால் அவையின் மொத்த எண்ணிக்கை வரவேண்டும். வராவிட்டால் யாரோ காணாமல் போயிருக்கிறார்கள், கீழே போய்த் தேடு என்பார். வேறு எதையும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. 1953 ஜூலை 29ஐ மட்டும் அடிக்கடி சொல்வார். ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. அடுத்து, திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவுக்கு அனுப்பச் சொன்ன தீர்மானம் 139–137 என்று நிறைவேறியது. ஓர் ஆள் பக்கம் மாறினால் இரண்டு வாக்கு வித்தியாசம், ஓர் ஆள் ஒதுங்கினால் ஒரு வாக்கு வித்தியாசம் என்பதை இதை வைத்துத்தான் விளக்குவார். சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவார்.

அவர் முறையில் 2017 பிப்ரவரி 18ஐப் போட்டுப் பாருங்கள். எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரிய நாள். உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஆதரவு 122. ஓ.பன்னீர்செல்வம் அணியின் எதிர்ப்பு 11. சபாநாயகர் தனபால், வாக்குச் சமமானால் மட்டுமே வாக்களிக்க வேண்டியவர், 1. வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் ஊர் திரும்பிய கோவை வடக்கு உறுப்பினர் அருண்குமார் 1. இதோடு அதிமுகவின் 135 முடிந்தது. வெளியேற்றப்பட்ட திமுகவும், உடல்நலமில்லாமல் வராத கருணாநிதியும் சேர்த்து 89. வெளிநடப்புச் செய்த காங்கிரஸ் 8, முஸ்லிம் லீக் 1. ஜெயலலிதா மறைந்து காலியாக இருந்த ஆர்.கே. நகர் 1. கூட்டினால், தேர்தல் நடக்கும் 234 இடங்களும் வந்துவிடுகின்றன. ஒருவரும் காணாமல் போகவில்லை. அன்றைய அமளி, கிழிந்த சட்டை, உடைந்த மைக் எல்லாம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. இந்தக் கூட்டல் வரிசையை அடுக்கிக் காட்டிய செய்தியை அவர் மெச்சியிருப்பார்.

உங்கள் கட்டுரையில் இந்த நான்கு கட்டமும் சிதறிக் கிடக்கின்றன. 41, 23, 26, 54. பொறுக்கி எடுத்துக் கூட்டினால் 144 வருகிறது. அப்படியானால் எண்களை நீங்கள் சரியாகவே சேகரித்திருக்கிறீர்கள். சேகரித்ததை ஒரே இடத்தில் வைக்க என்ன தடை?

ஒன்று கவனித்தீர்களா? தலைவர் முதலில் ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்று சட்டமன்ற பாணியில் கேட்டதாகவும், பின்வரிசையிலிருந்து ஒருவர் ‘கையை எண்ணுங்க சார்’ என்று கத்தியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆள்தான் அன்றைய கூட்டத்தைக் காப்பாற்றியவர். குரல் வாக்கெடுப்பில் ஒதுங்குகிறவருக்கு இடமே கிடையாது. இரண்டு சத்தம்தான் கேட்கும். எண்ணிக் கணிக்கும்போதுதான் மூன்றாவது கூட்டம் கண்ணுக்குத் தெரியும். மக்களவையில் மின்னணுப் பலகையில் பச்சை, சிவப்போடு மஞ்சள் பொத்தானும் இருக்கிறது. ஒதுங்குவதும் பெயரோடு பதிவாக வேண்டும் என்பதற்காக.

இரண்டாவது குற்றம் இதைவிடப் பெரிது. கை தூக்காத 26 பேரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ‘கோழைகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த 26 பேரில் ஒருவர், தன் மைத்துனர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார் என்பதால் இதில் வாக்களிக்க மாட்டேன் என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். நீங்களே ஏழாவது பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு, அவரையும் கோழை என்கிறீர்கள். அந்தக் கூட்டத்தில் நாணயமாக நடந்துகொண்டவர்களில் முதல் ஆள் அவர். 1876இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் தொகுத்த கூட்ட விதிகளை உலகம் முழுக்கச் சங்கங்கள் இன்றும் வைத்திருக்கின்றன. தனக்கு மட்டும் நேரடியான லாபம் உள்ள விஷயத்தில் ஒருவர் வாக்களிக்கக் கூடாது என்பதும், மற்ற விஷயங்களில் கருத்து உள்ளவர் வாக்களிப்பது கடமை, ஆனால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. மக்களவை விதி 371, சொந்தப் பண லாபம் உள்ள உறுப்பினரின் வாக்கை ஆட்சேபிக்க வழி செய்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 184ஆம் பிரிவில், ஓர் ஒப்பந்தத்தில் தனக்குப் பங்கு இருக்கிற இயக்குநர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், பப்ளிக் கம்பெனியாக இருந்தால் அந்த விவாதத்திலேயே கலந்துகொள்ளக் கூடாது. பெருங்குடியில் தெருவுக்கு நான்கு கம்பெனிகள். அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் இந்தச் சட்டத்தை அலுவலகத்தில் தினமும் பார்க்கிறவர்கள் இருந்திருப்பார்கள். லாரிக்காரரின் மைத்துனர் சட்டம் படிக்காமலே அதைச் செய்தார்.

சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ ஒதுங்குவது கோழைத்தனம் என்று பொதுவாகச் சொல்லவும் முடியாது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி எதிர்த்து வாக்களித்தால் மட்டுமல்ல, வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் பதவி போகலாம். 15 நாளுக்குள் கட்சி மன்னித்தால்தான் தப்ப முடியும். சொந்தக் கட்சியின் முடிவை மனசு ஒப்பாமல் ஒதுங்குகிறவர், தன் நாற்காலியைப் பணயம் வைத்துத்தான் ஒதுங்குகிறார்.

மறுபக்கமும் உண்டு. 1999இல் ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொண்டதால் வாஜ்பாய் நம்பிக்கை வாக்குக் கோர வேண்டி வந்தது. பகுஜன் சமாஜின் ஐந்து பேர் ஒதுங்குவார்கள் என்று அரசு நம்பியிருந்தது. ஏப்ரல் 17இல் அவர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். 269–270. ஒதுங்கியிருந்தால் 269–265. ஒதுங்குகிறேன் என்ற பேச்சை நம்பிக் கணக்குப் போட்டால் ஆட்சியே போகும் என்பதற்கு டெல்லி கண்ட பாடம் அது. உங்கள் 26 பேரிலும் பயந்தவர்கள் இருக்கலாம், கடைசி நிமிடம் வரை பேரம் பேசியவர்கள் இருக்கலாம், விஷயம் புரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் இருக்கலாம். யார் எந்த ரகம் என்று கேட்டு எழுதுவதுதான் நிருபர் வேலை. ஒரே சொல்லால் மூடுவதற்கு நிருபர் எதற்கு?

இவ்வளவு திட்டியபின் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒன்பதாவது பத்தி. மூன்றாவது வரிசையில் அந்த அம்மாள். ஆதரிப்போர் கை தூக்கச் சொன்னபோது வலது கை காது வரை எழுகிறது. பொருளாளரின் மனைவி திரும்பிப் பார்க்கிறார். கை மெதுவாக இறங்கி, புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் தோளில் நிற்கிறது. எதிர்ப்போர் முறை வரும்போது இன்னொரு கை அதேபோல் எழுந்து கைப்பையின் ஜிப்புக்குப் போகிறது. ஆறு வரி. ஒரு உவமை இல்லை, ஒரு கருத்து இல்லை. பல வருடங்களாகச் சட்டமன்றச் செய்தி எழுதிய யாரும், இதை எழுதுபவர் உள்பட, ஒதுங்குகிற ஒரு மனுஷியின் கையை இப்படிப் பார்த்து எழுதியதில்லை. தமிழ்ப் பத்திரிகைகளில் இந்த வருடம் வந்த நல்ல பத்தி இது என்று யாரிடமும் சண்டை போட அவர் தயார். அந்தப் பத்தியை எழுதிய கையே நான்காவது பத்தியையும் எழுதியது என்பதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. அந்த அம்மாளின் கை ஏன் இறங்கியது என்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இறங்கிய கை எந்தக் கணக்கில் சேர்ந்தது என்பதை மட்டும் கேட்காமல் வந்துவிட்டீர்கள்.

இந்த வாரமே அந்தக் குடியிருப்புக்கு மறுபடி போங்கள். செயலாளரிடம் பைலாவின் நகல் கேளுங்கள். சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது, பொதுக்குழுவுக்குக் கோரம் எவ்வளவு, செலவுத் தீர்மானத்துக்கு எந்தப் பெரும்பான்மை என்று பாருங்கள். தலைவரின் கையும் அந்த 41இல் எண்ணப்பட்டதா, ஒரே ஆள் பேரில் இரண்டு வீடு இருந்தால் ஒரு வாக்கா இரண்டு வாக்கா என்று கேளுங்கள். மினிட்ஸ் புத்தகத்தில் அந்த 26 பேர் எப்படிப் பதிவாகியிருக்கிறார்கள் என்று கண்ணால் பாருங்கள். கம்பெனிக் கூட்டங்களில் ஒதுங்கிய இயக்குநரின் பெயரை மினிட்ஸில் எழுதுவது வழக்கம். சங்கத்தில் அப்படி எழுதினார்களா, அல்லது ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று யாராவது போட்டுவிட்டார்களா? தீர்மானம் உண்மையில் தோற்றிருந்தால் லாரி ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் அந்த 144 வீட்டுக்காரர்களுக்கு அது தெரிய வேண்டும். லாரிக்காரரின் மைத்துனரிடம் போய், எழுதியதற்கு வருத்தம் சொல்லிவிட்டு, அவர் சொன்ன காரணத்தை அவர் வார்த்தையிலேயே அடுத்த கட்டுரையில் போடுங்கள்.

அன்புடன்,
பெருங்குடியிலிருந்து ஒரு பழைய சட்டமன்ற நிருபர்